குடியரசினர் அற்ற குடியரசா? வைமர் ஆட்சியின் முதல் ஆறாண்டுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

வரலாற்றிலே தோல்வியுற்ற அரசுகளுக்கு நடுவுநிலை பிறழாத தீர்ப்புக் கிடைப்பது அரிது. வென்றோரின் பிழைகள் காலப்போக்கில் மறக்கப்படுகின்றன. தோற்றோர் செய்த நன்மைகளோ தோல்விக்குரிய காரணங்களோடு சேர்த்து எண்ணப்படுகின்றன. 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஜேர்மனியிற் பிறந்து, 1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் பதவியேற்றதோடு வீழ்ச்சியுற்ற வைமர்க் குடியரசு அத்தகைய அரசுகளுள் ஒன்றாகும். அதனைப்பற்றி எழுதியோர் பலர் அதன் முடிவை முதலில் மனத்திற்கொண்டு, பின்னரே அதன் தொடக்கத்தை நோக்கினர். அதனால், பிறக்கும்போதே இறப்பு விதிக்கப்பட்ட குழவியாக அது அவர்களுக்குத் தோன்றிற்று. அவர்கள் வழங்கிய தீர்ப்புகளுள் மிகப் பரந்து வழங்குவது, அது குடியரசினர் அற்ற குடியரசு என்பதாகும். மக்கள் விரும்பாத ஆட்சிமுறை ஒன்று போரிலே தோற்றமையால் அவர்கள்மேற் சுமத்தப்பட்டது என்பதும், வேரில்லாத அம்மரம் முதற் புயலிலேயே சாயவேண்டியதாயிற்று என்பதும் இத்தீர்ப்பின் பொருளாகும். இக்கூற்று எத்துணை உண்மை என்பதை 1918 முதல் 1924 வரையுள்ள நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்தல் தகும்.

குடியரசின் பிறப்பிலேயே ஒரு சூழ்ச்சி கலந்திருந்தது. 1918ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியிலே, போரை உண்மையில் நடத்தி வந்த தளபதி லூடென்டோர்ப், இனி வெல்ல இயலாது என்று கண்டு, உடனே போர்நிறுத்தம் கேட்கவேண்டுமென்று கைசரை வற்புறுத்தினார். அவ்வளவில் நில்லாது, அதனைக் கேட்கும் பொறுப்பைப் பாராளுமன்றக் கட்சிகளிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் கூறினார். சமாதானத்திற்காக முன்னரே வாதாடி வந்த அக்கட்சிகளே தோல்வியின் பழியையும் ஏற்கட்டும் என்பது அவரது எண்ணம். அவ்வாறே ஒக்டோபர் மாதம் இளவரசர் மக்ஸ் தலைமையில் புதிய அமைச்சரவை அமைந்தது. நவம்பர் முதல் வாரத்திலே கீல் துறைமுகக் கடற்படையினர் தொடங்கிய கிளர்ச்சி நகரங்கள்தோறும் பரவிற்று. நவம்பர் 9ஆம் நாள் பேர்லினிலே கைசர் முடிதுறந்தார் என அறிவிக்கப்பட்டது. சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஷைடமான் பாராளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசைப் பிரகடனஞ் செய்தார். இரண்டு நாட்களின் பின் கொம்பியேன் காட்டிலே போர்நிறுத்த உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட ஜேர்மன் தூதுக்குழுவின் தலைவர் ஒரு தளபதி அல்லர். கத்தோலிக்க மத்திய கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஏர்ஸ்பேர்கர் என்னும் குடிமகனே. போரைத் தொடங்கியவரும் தோற்றவரும் ஒதுங்கி நிற்க, அதனை முடித்து வைத்தவரின் பெயரே அத்தாளில் ஏறிற்று. அக்கையொப்பத்திற்கு அவர் பின்னர் தம் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

புதிய ஆட்சியின் தலைமை சேணம் தைக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய பிரீட்ரிக் எபேர்ட்டிடம் வந்தது. நவம்பர் 10ஆம் நாள் இரவு, லூடென்டோர்ப்பின் இடத்துக்கு வந்திருந்த தளபதி குரோனர் அவரோடு தொலைபேசியிற் பேசினார். படை புதிய அரசுக்கு ஆதரவு தரும். அரசு அதிகாரிகளின் கட்டளையுரிமையைக் காத்து, தீவிரப் புரட்சியை எதிர்க்கவேண்டும் என்பதே அவ்விருவரும் செய்துகொண்ட உடன்பாட்டின் சாரம். இவ்வுடன்பாட்டுக்காக எபேர்ட்டைத் துரோகி என்று இடதுசாரிகள் பலர் ஏசியுள்ளனர். ஆயின், அன்றைய நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலட்சக்கணக்கான போர்வீரர் பகைநாட்டு மண்ணிலிருந்து குறித்த நாட்களுக்குள் வீடு திரும்பவேண்டியிருந்தது. நேசநாடுகளின் கடல் முற்றுகை தொடர்ந்தமையால் உணவுப்பஞ்சம் நகரங்களை வாட்டிற்று. இரசியாவில் மூண்டிருந்த உள்நாட்டுப்போர் அச்சுறுத்தும் எடுத்துக்காட்டாக எல்லார் கண்முன்னும் நின்றது. புகைவண்டி ஓடவும், உரொட்டி கிடைக்கவும், தபால் சேரவும் பழைய உத்தியோகத்தரின் துணை வேண்டும் என எபேர்ட் கருதியதிற் குற்றங்காண்டல் எளிதன்று. அவரிடத்துக் காணத்தக்க பிழை அவ்வுடன்பாட்டைச் செய்தமை அன்று. நெருக்கடிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டை, நெருக்கடி தணிந்த பின்னரும் மாற்ற முயலாது விட்டமையே.

அதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 1919ஆம் ஆண்டு ஜனவரியிலே பேர்லினில் இடதுசாரிகளின் எழுச்சி நிகழ்ந்தபோது, நொஸ்கேயின் தலைமையில் அரசு பிரைகோர்ப்ஸ் எனப்பட்ட தனிப்படைகளை ஏவி அதனை அடக்கியது. பழைய அதிகாரிகளின் கீழ்ச் சம்பளத்துக்குத் திரண்ட இப்படையினர் குடியரசைக் காக்க வந்தவர் போலத் தோன்றினும், உள்ளத்தில் அதனை வெறுத்தவரே. ஜனவரி 15ஆம் நாள், பிடிபட்ட ரோசா லக்சம்பேர்க்கும் கார்ல் லீப்னெக்ட்டும் எவ்வித விசாரணையுமின்றி அவர்களாற் கொல்லப்பட்டனர். ஒரே வேலைத்தலத்தில் உழைத்து, ஒரே கட்சியில் வளர்ந்த தொழிலாளர் இரு கூறாகப் பிரிந்தமைக்கு இக்கொலைகள் முத்திரை வைத்தன. அப்பிளவு இறுதிவரை ஆறவில்லை.

எனினும், இக்குருதி காயுமுன்னரே நிகழ்ந்த தேர்தல் முற்றிலும் வேறான ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஜனவரி 19ஆம் நாள் அரசியல் நிர்ணய சபைக்கு நடைபெற்ற தேர்தலிற் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். வாக்குரிமை உடையோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 83 பேர் வாக்களித்தனர். குடியரசை வெளிப்படையாக ஆதரித்த சமூக ஜனநாயகக் கட்சி, மத்திய கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 76 வாக்குகளைப் பெற்றன. விரும்பாத மக்கள்மேற் சுமத்தப்பட்ட ஆட்சி என்னும் கூற்று இத்தொகையின்முன் நிற்கமாட்டாது. குடியரசினர் இருந்தனர், பெருந்தொகையினராகவும் இருந்தனர். அவர்கள் எங்கே இருந்தனர், எங்கே இல்லாதிருந்தனர் என்பதுதான் ஆராயத்தக்க வினாவாகும்.

பேர்லினில் அமைதியின்மை நிலவியமையால், கேதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமர் நகரிலே சபை கூடிற்று. எபேர்ட் பெப்ரவரி 11ஆம் நாள் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். சட்ட அறிஞர் ஹியூகோ பிரொய்ஸ் முதல் வரைவைத் தயாரித்த அரசியல் யாப்பு ஓகஸ்ட் 11ஆம் நாள் கையொப்பம் பெற்றது. 181 உறுப்புரைகள் கொண்ட அந்த யாப்பு அக்காலத்து உலகில் மிக முற்போக்கான யாப்புகளுள் ஒன்றென மதிக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அடிப்படைக் குடியுரிமைகளும் கடமைகளும் சமம் என்பதும், தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையும், பேச்சுரிமையும் அதிலே இடம்பெற்றன. பிற்காலத்தார் அதன்மேற் சாட்டிய குற்றங்கள் சிறப்பாக இரண்டு. ஒன்று, வாக்குகளின் விகிதத்துக்கேற்ப இடங்களை வழங்கும் தேர்தல்முறை சிறு கட்சிகளைப் பெருக்கியது என்பது. மற்றையது, பொது அமைதிக்கு ஆபத்து நேருமிடத்து அவசர ஆணைகளைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு வழங்கிய 48ஆம் உறுப்புரை பாராளுமன்றத்தைப் பயனற்றதாக்கியது என்பது.

இக்குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், இவை முழு உண்மை அல்ல. எபேர்ட் தமது பதவிக்காலத்தில் 48ஆம் உறுப்புரையை 136 தடவை கையாண்டார் எனக் கணக்கிட்டுள்ளனர். பெரும்பாலும் குடியரசைக் காக்கும் பொருட்டே அது பயன்பட்டது. 1930ஆம் ஆண்டின் பின் ஹின்டன்பேர்க்கின் கையில் அதே உறுப்புரை பாராளுமன்ற ஆட்சியை ஒடுக்கும் கருவியாயிற்று. வாள் ஒன்றே, பிடித்த கைகளே வேறு. யாப்பின் சொற்களை மட்டும் ஆராய்ந்து அரசின் வீழ்ச்சிக்குக் காரணங் காண முயல்வோர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

யாப்பைக் குறைகூறுவோர் பெரும்பாலும் பாராது விட்ட உறுப்புரைகள் வேறு சில உள. நீதிபதிகள் ஆயுட்காலத்துக்கு நியமிக்கப்படுவர் என 104ஆம் உறுப்புரை கூறிற்று. அரசாங்க உத்தியோகத்தர் முன்னர்ப் பெற்ற உரிமைகள் பறிக்கப்படமாட்டா என 129ஆம் உறுப்புரை உறுதியளித்தது. தம்மளவில் இவை குறைகூறத்தக்க விதிகள் அல்ல. நீதிபதியின் சுதந்திரம் எந்த ஜனநாயகத்துக்கும் இன்றியமையாதது. ஆனால், 1919ஆம் ஆண்டில் இவ்விதிகளின் பாதுகாப்பைப் பெற்றவர் யாவர்? கைசரின் ஆட்சியிலே தேர்ந்தெடுக்கப்பட்டு, அரசபத்தியைத் தகுதியாகக் கொண்டு உயர்த்தப்பட்டவரே அனைவரும். புதிய ஆட்சிக்குப் பணிபுரிய மனமில்லாதோர் ஓய்வூதியத்தோடு விலகலாம் என்று வாய்ப்பளிக்கப்பட்டபோது, விலகிய நீதிபதிகள் மிகச் சிலரே. ஏனையோர் குடியரசின் பெயரால் தீர்ப்பு வழங்கச் சத்தியஞ் செய்து, குடியரசை வெறுத்த நெஞ்சோடு ஆசனத்தில் அமர்ந்தனர். கொடியிலும் இதே இரட்டைநிலை காணப்பட்டது. நாட்டுக்குக் கறுப்பு, சிவப்பு, பொன்னிறக் கொடி. வணிகக் கப்பல்களுக்கோ பழைய பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கொடி, மூலையிற் சிறிதாகப் புதிய நிறங்கள் எனச் சட்டம் விதித்தது.

வேர்சேய் உடன்படிக்கையே குடியரசைக் கொன்றது என்பாரும் உளர். 1919ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட அவ்வுடன்படிக்கையின் கொடுமையை மறுத்தற்கில்லை. ஜேர்மனி தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கையும் குடிகளிற் பத்தில் ஒரு பங்கையும் இழந்தது. படை 1,00,000 பேர் என வரையறுக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு மே மாதம் நட்டஈடு 13,200 கோடி பொன் மார்க் என அறிவிக்கப்பட்டது. ஆனால், ஓர் உடன்படிக்கையின் கடுமை வேறு. அக்கடுமைக்கு யார் பொறுப்பு என்று மக்களை நம்பச் செய்தல் வேறு. 1919ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாராளுமன்ற விசாரணைக்குழுவின் முன் தோன்றிய ஹின்டன்பேர்க், ஜேர்மன் படை பின்புறமிருந்து குத்தப்பட்டது என்று சாட்சி கூறினார். போர்நிறுத்தத்தை வேண்டியது தமது தலைமையகமே என்பதை அறிந்திருந்த ஒருவர் இங்ஙனங் கூறியது வியப்புக்குரியது. அதனினும் வியப்பு, அப்பொய் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் செய்தித்தாள்களிலும் தடையின்றி வளர்ந்தமையாகும். எபேர்ட்டும் இதில் முற்றும் பழியற்றவர் அல்லர். 1918ஆம் ஆண்டு டிசம்பரிலே பேர்லினுக்குத் திரும்பிய படையினரை வரவேற்றபோது, எந்தப் பகைவனும் அவர்களை வெல்லவில்லை என்னும் பொருள்பட அவரே பேசினார். களைத்து வந்தோரை ஆற்றுதற்குச் சொன்ன நயவுரை, பின்னர் அவருக்கே பகையாய் முளைத்தது.

குடியரசின் வலிமை, நலிவு ஆகிய இரண்டையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி 1920ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் காப் கலகமாகும். கலைக்கப்படவிருந்த தனிப்படையொன்று தளபதி லுட்விற்ஸின் தூண்டுதலால் மார்ச் 13ஆம் நாள் தலைநகருட் புகுந்து, காப் என்னும் உத்தியோகத்தரை ஆட்சித் தலைவராக்கிற்று. அரசைக் காக்குமாறு கேட்கப்பட்ட தளபதி சேக்ட், தம் வீரர் பழைய தோழர்மீது சுடமாட்டார் என்னும் நிலையினை மேற்கொண்டார். அமைச்சர்கள் முதலில் டிரெஸ்டனுக்கும் பின்னர் ஸ்டுட்காட்டுக்கும் ஓடினர். அப்பொழுது அரசைக் காத்தவர் யாவர்? தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தத்தை அறிவித்தன. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் அதிற் பங்குபற்றினர் என்பர். பேர்லினிலே நீரில்லை, மின்சாரமில்லை, ட்ராம் வண்டி ஓடவில்லை. மத்திய வங்கி காப்புக்குப் பணங்கொடுக்க மறுத்தது. அமைச்சுக்களின் மூத்த உத்தியோகத்தர் பலர் அவர் ஆணைக்குப் பணியவில்லை. நான்கு நாட்களில் ஆட்சியைக் கைவிட்டு அவர் சுவீடனுக்குத் தப்பி ஓடினார். ஒரு நாட்டின் சாதாரண மக்கள் தம் கூலியை இழந்து, படைக்கலமின்றி, தாம் தெரிவு செய்த அரசை மீட்டமைக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு அக்கால ஐரோப்பாவிற் காண்பதரிது. குடியரசினர் அற்ற குடியரசுக்காகவோ இத்துணைப் பேர் வேலைக்களத்தை விட்டு வெளியேறினர்?

ஆனால், மீட்கப்பட்ட அரசு தன்னை மீட்டோருக்கு நன்றி பாராட்டவில்லை. சுட மறுத்த சேக்டே படைத்தலைமைக்கு உயர்த்தப்பட்டார். வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாக ரூர்ப் பகுதியில் ஆயுதமேந்திய தொழிலாளரை அடக்குதற்கு, கலகத்துக்கு அனுதாபங் காட்டிய படைப்பிரிவுகளே அனுப்பப்பட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கலகக்காரருள் நீதிமன்றத் தண்டனை பெற்றவர் ஒருவரே. பேர்லினின் முன்னாட் பொலிஸ் தலைவராகிய யாகோ என்பவர் ஐந்தாண்டுக் கோட்டைக் காவலுக்கு விதிக்கப்பட்டார். லுட்விற்ஸுக்கோ ஓய்வூதியமே கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத் தேர்தலில் மூன்று குடியரசுக் கட்சிகளும் தம் பெரும்பான்மையை இழந்தன. பின்னர் அதனை அவை மீளப் பெறவேயில்லை. வலப்பக்கஞ் சென்ற வாக்குகளை மட்டும் எண்ணி, மக்கள் குடியரசைக் கைவிட்டனர் என்று முடிவு செய்தல் அவசரமாகும். சமூக ஜனநாயகக் கட்சியை விட்டு அதற்கு இடப்பக்கத்திலிருந்த சுயேச்சைச் சோசலிசக் கட்சிக்குச் சென்ற தொழிலாளர், குடியரசு தன் பகைவரைத் தண்டியாமைக்காகவே அதனோடு சினந்தனர்.

நீதிமன்றங்களின் ஓரவஞ்சனையை உணர்ச்சியாலன்றி எண்களால் நிறுவியவர் எமில் கும்பெல் என்னும் கணித அறிஞர். நான்காண்டு அரசியற் கொலைகளைப்பற்றி அவர் 1922ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், தீர்ப்புகளைப் பட்டியலிட்டு வகுத்துக் காட்டிற்று. வலதுசாரிகள் புரிந்த கொலைகள் 354. அவற்றுள் முற்றிலும் தண்டனையின்றி விடப்பட்டவை 326. இடதுசாரிகள் புரிந்தவை 22. அவற்றுள் தண்டனையின்றி விடப்பட்டவை 4 மட்டுமே. இடதுசாரிகள் பத்துப்பேர் மரண தண்டனை பெற்றனர். வலதுசாரிகளுள் ஒருவருக்கேனும் அத்தண்டனை நிறைவேற்றப்படவில்லை. இக்கணக்கை எவரும் நிலைகொள்ளாதபடி மறுக்க இயலவில்லை. ஆயினும், அதனைத் தொகுத்தவரே துரோகி எனப் பல்கலைக்கழக வட்டாரங்களில் நிந்திக்கப்பட்டார்.

எண்களுக்குப் பின்னே நிற்கும் மனிதரை நோக்கினும் அதே உண்மை புலனாகும். பவேரிய அரசின் தலைவர் குர்ட் ஐஸ்னரை 1919ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடுத்தெருவிற் சுட்டுக் கொன்ற அர்கோ-வாலி என்னும் பிரபுவுக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாளே அது கோட்டைக் காவலாகக் குறைக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டில் அவர் வெளியே வந்தார். அதே பவேரியாவிற் சோவியத் ஆட்சியொன்றை நடத்திய லெவினே 1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுடப்பட்டார். ஐஸ்னரின் செயலாளராக இருந்த பெக்கன்பாக், 1914ஆம் ஆண்டின் இராசதந்திரத் தந்தியொன்றைப் பத்திரிகையாளருக்குக் கொடுத்தமைக்காக 1922ஆம் ஆண்டு பதினோராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கொலை செய்தவன் ஏறக்குறைய ஐந்தாண்டில் வெளியே வந்தான். தாளொன்றைக் கொடுத்தவனுக்குப் பதினோராண்டு. இரண்டும் ஒரே சட்டத்தின் பெயரால் நிகழ்ந்தவை.

தண்டனையில்லாத கொலை மேலுங் கொலைகளை ஈன்றது. ஏர்ஸ்பேர்கர் தம்மைப் பழித்துரைத்த ஒருவர்மீது தொடுத்த வழக்கிலே, 1920ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் நீதிமன்றம் எதிரிக்கு 300 மார்க் தண்டம் மட்டும் விதித்து, அவர் கூறிய பழிகளிற் பல உண்மையென ஏற்றுக்கொண்டது. அமைச்சர் பதவி துறந்த ஏர்ஸ்பேர்கர் 1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கருங்காட்டில் உலாவச் சென்றபோது சுடப்பட்டார். கொலைஞர் பிறநாடு சென்று ஒளித்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னரே அவர்கள் தண்டனை பெற்றனர். 1922ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் வெளிநாட்டமைச்சர் வால்டர் ராத்தெனாவ் தம் இல்லத்திலிருந்து திறந்த காரிற் செல்லும்பொழுது கொல்லப்பட்டார். முதல் உலகப்போரின்போது மூலப்பொருட் பங்கீட்டை ஒழுங்குசெய்து நாட்டுக்கு உதவிய அவர் யூதராயிருந்ததே பகைவர் கண்ணிற் பெருங்குற்றமாயிற்று. நகரங்கள்தோறும் இலட்சக்கணக்கானோர் துக்க ஊர்வலமாக வந்தனர். சான்சலர் விர்த், பகைவன் வலப்பக்கத்தில் நிற்கிறான் என்று பாராளுமன்றத்திலே சுட்டிக்காட்டினார். குடியரசுப் பாதுகாப்புச் சட்டமும் ஜூலை மாதம் நிறைவேறிற்று. ஆனால், சட்டத்தைச் செய்தது பாராளுமன்றம். அதனைக் கையாண்டவரோ அந்தப் பழைய நீதிபதிகளே. வலப்பக்கம் நோக்கிச் செதுக்கப்பட்ட அம்பு, எய்யும்பொழுது பெரும்பாலும் இடப்பக்கமே பாய்ந்தது.

நீதிபதிகள் சட்டத்தின் எழுத்துக்குக் கட்டுண்டவர், அவர்கள் வேறென்ன செய்தல் கூடும் என வாதிடுவோர்க்கு, பணவீக்கக் காலத்து நிகழ்ச்சியொன்று தக்க விடையாகும். போர்ச் செலவைப் பெரும்பாலும் வரியாலன்றிக் கடனாலேயே பேரரசு சமாளித்தமையால் மார்க்கின் மதிப்பு முன்னரே தளர்ந்திருந்தது. போருக்கு முன் ஓர் அமெரிக்க டொலருக்கு 4.2 மார்க். 1922ஆம் ஆண்டு ஜூலையில் அது ஏறக்குறைய 500 ஆயிற்று. 1923ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர்ப் பகுதியைக் கைப்பற்றின. ஒத்துழையாமையில் ஈடுபட்ட தொழிலாளருக்குச் சம்பளமளிக்க அரசு தாள்நாணயத்தை அச்சிட்டுத் தள்ளிற்று. நவம்பர் மாதத்தில் ஒரு டொலரின் விலை 4,20,000 கோடி மார்க் ஆயிற்று. ஆயுள்முழுதுஞ் சேமித்த முதியோரின் பணம் ஓர் உரொட்டித் துண்டுக்கும் போதாதாயிற்று. கடன்பட்டோரும் பெருந் தொழிலதிபரும் தம் கடன்களைப் பயனற்ற தாளாற் தீர்த்துக்கொண்டனர். அப்பொழுது, மார்க் என்றும் மார்க்கே என்னும் சட்டக் கொள்கையை நாட்டின் உயர் நீதிமன்றம் 1923ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் கைவிட்டு, நேர்மை நோக்கிக் கடன்களை மறுமதிப்பிடல் வேண்டும் எனத் தீர்த்தது. சில வாரங்களில், மறுமதிப்பீட்டை அரசு தடைசெய்யலாகாது என்று அந்நீதிமன்ற நீதிபதிகளின் சங்கம் வெளிப்படையாகவே எச்சரித்தது. அத்தீர்ப்பு ஏழைச் சேமிப்பாளருக்கும் நன்மை பயந்தது, அதனைக் குறைகூறுதற்கில்லை. கடனுக்குரிய பணத்தின் பொருட்டுச் சட்டத்தின் எழுத்தைத் தாண்டி நேர்மையைத் தேட அறிந்த இந்நீதிமன்றங்கள், கொலையுண்டோரின் குருதியின் பொருட்டு அந்நேர்மையை ஏன் தேடவில்லை என்பதே வினா.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் இரு அளவுகோல்கள் மத்திய அரசின் கையிலும் காணப்பட்டன. சக்சனியிலே சமூக ஜனநாயகரும் பொதுவுடைமையினரும் சட்டப்படி அமைத்திருந்த அமைச்சரவையை ஸ்திரேசமானின் அரசு படையனுப்பி நீக்கிற்று. பவேரியாவிலே மத்திய அரசின் ஆணைகளை வெளிப்படையாக மீறிய வலதுசாரி ஆட்சியாளர்மேற் படை செல்லவில்லை. அந்தப் பாதுகாப்பான மண்ணிலேதான் நவம்பர் 8ஆம் நாள் இரவு மியூனிக் மதுச்சாலையொன்றில் ஹிட்லரின் கலகம் வெடித்தது. மறுநாள் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டோடு அது அடங்கிற்று. பொலிஸார் நால்வரும் உயிரிழந்தனர். ஸ்திரேசமான் ஒத்துழையாமையை நிறுத்தித் துணிவோடு புதிய நாணயத்தை நிறுவினார். நாடு பிழைத்தது; ஆனால், சக்சனி, பவேரியா ஆகியவற்றுக்கிடையே காட்டிய பாகுபாட்டால் ஆதரவிழந்து, அவரது அமைச்சரவை நவம்பர் 23ஆம் நாள் வீழ்ந்தது.

1924ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மியூனிக் நகரிற் தொடங்கிய ஹிட்லர் வழக்கு இவ்வாறாண்டு வரலாற்றின் சாரமாகும். குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி லைப்சிக் நகரத்துச் சிறப்பு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவேண்டிய வழக்கு பவேரிய நீதிமன்றத்திலே நடைபெற்றது. நீதிபதி நைட்ஹார்ட், குற்றவாளி மணிக்கணக்காகப் பிரசாரஞ் செய்ய இடமளித்தார். முன்னரே ஒரு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு நன்னடத்தைக் காலத்தில் இருந்தவர் ஹிட்லர் என்பது பொருட்படுத்தப்படவில்லை. அயல்நாட்டார் நாடுகடத்தப்படல் வேண்டும் எனச் சட்டம் விதித்திருக்கவும், ஒஸ்திரியக் குடிமகனான அவர் ஜேர்மன் உணர்வுடையவர் என்னுங் காரணத்தால் அவ்விதி தள்ளப்பட்டது. தண்டனை ஐந்தாண்டுக் கோட்டைக் காவல். டிசம்பர் 20ஆம் நாளே அவர் விடுதலையானார். லூடென்டோர்ப் முற்றிலும் விடுவிக்கப்பட்டார். நீதி பிழைத்ததை உணர்ந்த கணத்தே அரியணையில் உயிர்நீத்த பாண்டியனின் கதையிற் பழகிய உள்ளங்களுக்கு, பிழையை உணராதது மட்டுமன்றி அதனாற் பெருமையும் எய்திய இந்நீதிமன்றம் விளங்காப் புதிராகவே தோன்றும்.

அதே ஆண்டின் முடிவில் மற்றொரு தீர்ப்பு வெளிவந்தது. எபேர்ட்டைத் தேசத்துரோகி என்றெழுதிய பத்திரிகையாசிரியர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், மக்டபேர்க் நீதிமன்றம் எதிரிக்கு நிந்தைக்காகச் சிறுதண்டனை விதித்துவிட்டு, 1918ஆம் ஆண்டு ஜனவரி வேலைநிறுத்தத்திற் பங்குகொண்டமையால் ஜனாதிபதி சட்டநோக்கில் துரோகஞ் செய்தவரே எனக் கூறிற்று. வேலைநிறுத்தத்தை விரைவில் முடிப்பதற்காகவே அதிற் சேர்ந்தவர் எபேர்ட். போரிற் புதல்வர் இருவரைப் பறிகொடுத்தவர். வழக்கின் பொருட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போட்ட அவர், 1925ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் 54ஆம் வயதிலே காலமானார். அவரது ஆசனத்துக்கு இரண்டு மாதங்களிற் தெரிவு செய்யப்பட்டவர் ஹின்டன்பேர்க். பின்புறக் குத்து என்னும் பொய்க்குச் சாட்சி கூறியவர், யாப்பைக் காப்பதாகச் சத்தியஞ் செய்து அமர்ந்தார்.

பழைய உத்தியோகத்தரை மாற்றுதல் அக்காலத்தில் இயலுமாயிருந்ததா என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பிரஷிய மாநிலம் விடையளிக்கின்றது. நாட்டின் நிலத்திலும் குடிகளிலும் ஐந்தில் மூன்று பங்கைக் கொண்ட பிரஷியாவிலே, பழைய கைசராட்சியின் அரணாக விளங்கிய அதே மண்ணிலே, காப் கலகத்தின் பின் முதலமைச்சர் ஒட்டோ பிரவுனும் உள்நாட்டமைச்சர் செவெரிங்கும் மாவட்ட ஆட்சியிலும் பொலிஸ் சேவையிலும் குடியரசுப் பற்றுடையோரைப் படிப்படியாக நியமித்தனர். அவ்வாட்சி இடையிற் சிறிது காலந்தவிர ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டு நிலைத்து, ஜனநாயகத்தின் கோட்டை எனப் பெயர் பெற்றது. 1932ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அதனை வீழ்த்துதற்குப் பகைவருக்கு 48ஆம் உறுப்புரையே வேண்டியிருந்தது. சட்டத்தை மீறாமலும், நீதிபதிகளின் சுதந்திரத்தைக் குலைக்காமலும், புதிய நியமனங்கள் வாயிலாக அரசின் உயிரை மாற்றுதல் கூடும் என்பதைப் பிரஷியா காட்டிற்று. நாடு முழுவதும் அதனைச் செய்யத் துணியாமை விதியன்று, தவறவிடப்பட்ட வாய்ப்பே.

இரண்டாம் உலகப்போரின் பின் 1949ஆம் ஆண்டில் பொன் நகரிலே புதிய யாப்பை வகுத்தோர் வைமரின் பாடங்களை ஊன்றிக் கற்றனர். புதியவர் ஒருவரைத் தெரிந்தாலன்றிச் சான்சலரை நீக்கலாகாது என விதித்தனர். ஜனாதிபதியின் அதிகாரத்தைச் சுருக்கினர். அங்கும் ஹிட்லர் காலத்து நீதிபதிகள் பலர் மீண்டும் ஆசனமேறினர் என்பது வருந்தத்தக்க உண்மை. ஆயின், பழைய படை அழிந்திருந்தது. கைசரின் காலத்துக்கு மீளலாம் என்னுங் கனவும் அழிந்திருந்தது. பாராளுமன்ற அவைகளாற் தெரிவு செய்யப்படும் நீதிபதிகளைக் கொண்ட யாப்பு நீதிமன்றம் ஒன்று 1951ஆம் ஆண்டு முதல் கார்ல்ஸ்ரூ நகரிலே யாப்பின் காவலாக நின்றது. யாப்பைக் காக்கும் பொறுப்பை, அதனை விரும்புவோரின் கையில் வைக்கவேண்டும் என்னும் அறிவு காலந்தாழ்த்தியேனும் பிறந்தது.

குடியரசினர் அற்ற குடியரசு என்னும் தீர்ப்பு, ஆகவே, திருத்தப்படல் வேண்டும். வாக்குச்சாவடியிலும், தொழிற்சாலையிலும், ராத்தெனாவின் பிரேதத்தின் பின்னே சென்ற ஊர்வலத்திலும் குடியரசினர் நிறைந்திருந்தனர். படைமுகாமிலும் நீதியாசனத்திலுமே அவர்கள் இல்லாதிருந்தனர். மக்கள் குடியரசைக் கைவிடுமுன்னரே, குடியரசு தன்னை நேசித்த மக்களைப் பலமுறை கைவிட்டது. 1920ஆம் ஆண்டிலே கூலியிழந்து அரசைக் காத்த தொழிலாளர், 1932ஆம் ஆண்டு பிரஷிய ஆட்சி கவிழ்க்கப்பட்டபோது வெளியே வரவில்லை. அதற்குத் தொழிலின்மை ஒரு காரணம். முன்னைய துணிவுக்குக் கிடைத்த கைம்மாறும் ஒரு காரணம் எனக் கொள்ளுதல் பிழையாகாது. அரசொன்றன் குடிகள் அதனிடம் முதலில் எதிர்பார்ப்பது செல்வமன்று. நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே கோல் என்னும் நம்பிக்கையே. அந்நம்பிக்கையை இழந்த யாப்பு, எத்துணை அழகாக எழுதப்பட்டிருப்பினும், ஏட்டளவிலேயே வாழும்.